மருந்து எடுக்கிறவர் வருகிறார்

நேற்று பினாங்கு ரோட்டில் பார்த்த டாக்கிப் படத்தின் நோட்டீஸ்தான் சீட்டு எழுதச் செங்கமலத்தின் கைக்குக் கிடைத்த காகிதம். படம் சகிக்கவில்லை. சமையல்காரி பாயசத்தில் மந்திர வேரை அரைத்துக் கலக்கிறாள், இளவரசன் சாதியை மறந்து அவள் பின்னால் போகிறான், முனிவர் கஷாயம் கொடுத்ததும் தெளிந்து, "யார் இவள்?" என்கிறான். அதற்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான் அவள் புருஷன் வைத்திலிங்கம்.

திரும்பும்போது ரிக்ஷாவில் சொன்னான்: "அம்மா சொல்றது சரிதான் போல. சாப்பாட்டுக் கடையில எனக்குச் சோறு போட்டப்பவே மருந்து வச்சிட்டே."

அந்த மருந்தை வயிற்றிலிருந்து எடுக்கத்தான் இன்று மாமியார் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வருகிறாள்.

செங்கமலம் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினாள்:

"சோறு வடிச்சாச்சு. மீன் குழம்பு உறியில இருக்கு. நான் ருக்குமணி அக்கா வீட்டுக்குப் போறேன். சாவி பக்கத்து வீட்டுச் சீனத்தி நோன்யா கிட்ட. வர்றவருக்குக் காப்பி கொடுங்க. வயித்துல வாய் வச்சு உறிஞ்சுவாராம். அதுக்கு முன்னாடி வாயைத் திறக்கச் சொல்லி ஒரு தடவை பாத்துக்குங்க."

இடம் தீர்ந்துவிட்டது. நோட்டீஸைத் திருப்பி, அதில் அச்சாகியிருந்த இளவரசனின் காலடியில் நுணுக்கி எழுதினாள்:

"ஏதாவது வெளியே வந்தா கொட்டிடாதீங்க, எனக்கும் காட்டுங்க. அன்னிக்கு அதே சட்டியிலதான் நானும் சாப்பிட்டேன். உங்களைப் போய் ஏன் கட்டிக்கிட்டேன்னு எனக்கும் தெரியணும்."