பாதி மாடும் ஒரு தொட்டிலும்

அன்புள்ள டானெட்டுக்கு,

நெப்ராஸ்காவிலிருந்து அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நாயும் சௌக்கியம். நீயும் உள்ளே உதைக்கிற குட்டியும் அங்கே அலாஸ்காவில் சௌக்கியமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை மீன்பிடிக்கப் போய்விடுவார், பிரசவத்துக்குப் பக்கத்தில் யாருமில்லை என்று நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பயப்படாதே கண்ணு, திங்கட்கிழமை புறப்படுகிறோம், படுக்கையும் அடுப்பும் உள்ள அந்த டிரெய்லரைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு.

ஆனால் போன சனிக்கிழமை கூத்தைக் கேள். உங்கப்பா உனக்கென்று ஒரு மாட்டை அறுத்து, பாதி மாட்டுக்கறியைப் பெரிய ஃப்ரீசரோடு டிரெய்லரின் பின்கோடியில் ஏற்றினார். நம்ம கிணற்றுத் தண்ணீர் மாதிரி வருமா என்று தொட்டி முட்டத் தண்ணீர். ஜெனரேட்டர் வேறு. அறுபது பாட்டில் பீச் பழம் என் வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஒத்திகையாக ஏரிவரை போனோமா, இறக்கத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடி பிக்கப்பையே இழுக்கிறது! எனக்கு உயிரே போய்விட்டது. பிரேக் போடுங்க பிரேக் போடுங்க என்று நான் கத்த, அவர் சும்மா இரு வெல்டா என்று சொல்லிவிட்டு, ஆக்ஸிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்தி நிறுத்தினார்.

அங்கிருந்து நேரே கூட்டுறவுத் தானியக் கிடங்கின் எடைமேடைக்கு. ஊரே பார்க்க வெளியே பெரிதாக எண் எரியுமே, அங்கேதான். எடை போடுகிற டெல்மர் ஜன்னலைத் திறந்து, என்ன ஆர்லன், இப்பல்லாம் சோளத்துக்கு ஜன்னலும் திரையும் கேக்குதா என்றான். லாரிக்காரர்கள் ஒரே சிரிப்பு. டிரெய்லரில் மட்டும் தாங்குகிற அளவைவிட அறுநூறு பவுண்டு கூடுதல். இழுக்கிற எடைய மட்டும் பாத்தா போதுமா, நீங்க ரெண்டு பேரு, நாயி, கொக்கியில உக்கார்ற பாரம் எல்லாத்தையும் பிக்கப்பு தாங்கணும்ல, டிரெய்லர் பின்னாடி கனத்தா கொக்கியில பாரம் கொறஞ்சு ஆடத்தான் செய்யும் என்றான்.

கறி உன் சித்தி வீட்டுக்குப் போனது. தண்ணீரைத் திறந்துவிட்டோம், ஜெனரேட்டர் கொட்டகைக்கு, பீச்சில் நாலே பாட்டில். மிச்சத்தை முன்னால் தள்ளி வைத்து மூன்றாவது தடவை மேடையேறினால் டிரெய்லர் சரி, பிக்கப் மட்டும் எழுபது பவுண்டு கூடுதல். பிக்கப்பிலிருந்து இறக்க மிஞ்சியது இரண்டே சாமான். குளிர்காலம் முழுக்க அவர் இழைத்த ஓக் மரத் தொட்டில் ஒன்று. இன்னொன்று அவருடைய கருவிப் பெட்டி, நாற்பது வருஷமாகச் சர்ச்சுக்குக்கூட அதை விட்டுவிட்டுப் போனதில்லை. மூச்சு வாங்கப் பெட்டியை இறக்கி டெல்மரிடம் தள்ளினார். வர்ற வரைக்கும் வச்சிரு, எவனுக்காவது இரவல் குடுத்தே, தொலைச்சுப்புடுவேன் என்றார்.

ஆகவே எடை சரி. மெதுவாகத்தான் வருவோம், வழி பார்த்துப் பதறாதே. வாளி, விறகு என்று எதையும் தூக்காதே. கடவுள் உன்னையும் குட்டியையும் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. தொட்டிலைக் கழற்றித்தான் கட்டியிருக்கிறோம், உங்கப்பா வெறுங்கையோடு வருகிறார். ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கி வை.

உன் அம்மா,
வெல்டா