குஸ்தி ஷோவுக்கு லைட் போட்டது

மாசி 8, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் வெயில். மைதானத்தில் கம்பம் நட ஆரம்பித்தாயிற்று. சவுக்குக் கம்பம். இரண்டு கோணல், திருப்பி அனுப்பினேன். வண்டிக்காரர் முறைத்தார்.

சனிக்கிழமை மாலை இங்கே குஸ்தி ஷோ. மெட்ராஸ் கம்பெனி. மண்ணில் புரளும் குஸ்தி இல்லை. மேடை, சுற்றிலும் கயிறு, மணி, நடுவர், டிக்கெட். முதலாளி ராஜமாணிக்கம். வெள்ளை பேண்ட், வாயில் எப்போதும் ஏலக்காய், எல்லோரும் அவருக்குப் 'பிரதர்'. (இனி ரா.மா.) அரியலூரில் ஒரு நாள், அடுத்து பெரம்பலூர். நோட்டீசில் பெரிய எழுத்தில் 'தோல்வியே அறியாத கறுப்பு முகமூடி'. எதிர்த்து மோதுவது 'எறையூர் சிங்கம் முத்தையன்'.

சிங்கம் என் அக்கா புருஷன். லாரிக்குக் கரும்பு லோடு ஏற்றுகிறவர். எறையூர் கோதாவில் மண் பூசி நிஜமாகவே குஸ்தி போட்டு வளர்ந்தவர்.

லைட் என் பொறுப்பு. டிப்ளமா முடித்து வந்த பிறகு சொந்தமாக எடுக்கும் முதல் பெரிய வேலை. திருச்சியிலிருந்து ஜெனரேட்டர் சொல்லியிருக்கிறேன். "கரண்டு இருக்கே பிரதர், எதுக்கு அது?" என்றார் ரா.மா. இந்த ஊர்க் கரண்டை நம்பி என் பெயரைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்றேன். டீக்கடையிலும் சொல்லிவிட்டேன்: ஊரே இருண்டாலும் மைதானம் இருளாது.

மதியம் ஜமால் பாய் வந்தார். லப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடை, அங்கே தர்காவின் சந்தனக்கூடு விழாக் கமிட்டியில் பெரிய ஆள். "சனிக்கெழம வந்து ஒங்க லைட்டப் பாக்குறேன் தம்பி. மனசுக்குப் புடிச்சா இந்த வருசம் கூட்டுக்கு ஊரு பூரா நீங்கதான். இன்ஷா அல்லாஹ்."

அது கிடைத்தால் வாடகை சாமான் எடுக்க வேண்டாம், கடை போடலாம். வாங்க வேண்டியவை: இன்சுலேஷன் டேப், பீங்கான் ஹோல்டர், டெஸ்டர் (பழையதைத் தொலைத்தவன் நான்தான்).

மாசி 10, புதன்

மேடைக்கு அடியில் படுத்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். மேலே கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் ஒத்திகை. ஒவ்வொரு தடவை விழும்போதும் என் முகத்தில் மண்.

"ரெண்டாவது ரவுண்டுல என்னக் கயித்துல தள்ளு. நான் மண்டையப் புடிச்சிகிட்டு ஆடுறேன்."

"நேத்து மாதிரி முடியப் புடிச்சி இழுத்தீன்னா நெசமாவே ஒதப்பேன்."

"இருக்குறதே நாலு முடி. அதப் புடிக்காம எதப் புடிக்க?"

எல்லாம் முன்பே பேசி வைத்தது. யார் ஜெயிப்பது என்பது உட்பட; மூன்றாவது ரவுண்டில் சிங்கம் தோற்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். மாமாவிடம் 'நெசப் போட்டி' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

மத்தியான பஸ்ஸில் எறையூர். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கருவாட்டுக் குழம்பு. உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டேன். "மாமா, எல்லாம் ஏற்பாடு. மூணாவது ரவுண்டுல நீங்க தோக்கணும். அவங்க முடிவு பண்ணிட்டாங்க."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு, "அவரு சோத்தத் தின்னு முடிச்சப்புறம் சொல்லக் கூடாதாடா?" என்றாள். அப்புறம் சொன்னால் மட்டும் விஷயம் மாறிவிடுமா?

மாமா தட்டை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவும்போது, "நாளைக்கு வரேன்" என்றார். கீழப்பழுவூரில் எனக்குப் பெண் பார்த்திருப்பதாக அக்கா ஆரம்பித்தாள். பஸ் வந்துவிட்டது.

மாசி 11, வியாழன்

லாட்ஜில் தகராறு. ரா.மா. கட்டில் மேல், மாமா கதவை அடைத்துக்கொண்டு நின்றபடி. நான் ஜன்னல் ஓரம். யாரும் போகச் சொல்லவில்லை.

"என் ஊருலேருந்து நாலு வண்டி கட்டிகிட்டு வராங்க. என் மாமியா வூட்டு ஆளுங்க முன் வரிசையில. அவங்க முன்னாடி நான் படுத்துக்கணுமா?"

"தொழில்னா அப்படித்தான் பிரதர். நம்ம முகமூடி இதுவரைக்கும் தோத்ததே இல்ல. பெரம்பலூரு நோட்டீசுலயும் அதான் போட்டிருக்கேன். இங்க தோத்தா அத யாரு பாப்பாங்க?"

"நெசமாப் புடிப்போம். ஜெயிக்கிறவன் ஜெயிக்கட்டும்."

"நெசமாப் புடிச்சா ஷோ ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும். டிக்கெட் வாங்குனவன் நாற்காலிய என் தலையில போடுவான்."

"அது ஒங்க தலை."

ரா.மா.வுக்கு ஏலக்காய் புரையேறிவிட்டது. தண்ணீர் நான்தான் கொடுத்தேன். மாமா பெயரை எடுக்கவும் வழி இல்லை, ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. கடைசியில், "நெசமாவே புடிங்க, ஒங்க இஷ்டம்" என்றார். முகம் சரியில்லை.

கொசு. ஒரே கொசு.

மாசி 12, வெள்ளி

ஜெனரேட்டர் வந்துவிட்டது. சத்தம் அதிகம். மைதானத்தின் மூலையில், புளியமரத்தடியில் நிறுத்தினேன். எல்லா லைட்டையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட மினுக்கவில்லை. மெயின் சுவிட்ச் பலகை மேடையை ஒட்டி, கைக்கெட்டும் தூரத்தில் என் ஸ்டூல்.

மாலை ரா.மா. தனியாகக் கூப்பிட்டார். "ஒங்க மாமா ஜெயிக்கிற மாதிரி தெரிஞ்சா லைட்ட அணைச்சிரு பிரதர். ரெண்டு பேருக்கும் தோல்வி இல்ல. போட்டி ரத்து. கரண்டு போச்சுன்னு எவனும் சந்தேகப்பட மாட்டான்."

"கரண்ட் போகாதுன்னு ஊர் பூரா சொல்லிருக்கேன். லைட் போனா ஒயரிங் போட்டவன் பேருதான் போகும். முடியாது."

"பொழைக்கத் தெரியலயே பிரதர்."

அது என் கவலை என்றேன்.

பிறகு லாட்ஜ் மாடிக்கு மின்விசிறி பார்க்கப் போனேன் (கண்டென்சர் போயிருந்தது, மாற்றினேன்). அந்த அறையில் கறுப்பு முகமூடி. முகமூடி இல்லாமல். பெயர் தேவராஜ், சேலம். நாற்பது வயது இருக்கும், சொட்டை, பேச்சு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. இடது முட்டியில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முட்டி பப்பாளிப் பழம் மாதிரி வீங்கியிருந்தது.

"இதோட நாளைக்கு ஏறப் போறீங்களா?"

"ஏறாம? ராஜமாணிக்கத்துக்குத் தெரிஞ்சா முகமூடிய வேற ஒருத்தன் தலையில மாட்டிட்டு என்ன பஸ் ஏத்தி வுட்டுருவாரு. முகமூடிதானே தம்பி, யாருக்கும் பொருந்தும்."

"எங்க மாமாகிட்ட சொல்றேன். காலைத் தொடமாட்டார்."

"வேணாங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். டாக்டர் சொல்லிட்டாரு, இன்னொரு தடவ திருகுனா இந்தக் கால் அவ்ளோதான்னு. எம் பொண்ணுங்க ரெண்டும் படிக்குது. சத்தியமாச் சொல்லிறாதீங்க."

சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறவன் என்று வீட்டில் எனக்குப் பெயர். இதைச் சொல்லவில்லை.

மாசி 14, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். எறையூர் வண்டிகள் நாலு இல்லை, ஏழு. முன் வரிசையில் ஜமால் பாய், பக்கத்தில் கமிட்டிக்காரர் ஒருவர். லைட்டைப் பார்த்து அவரிடம் கையால் ஏதோ காட்டினார். நல்ல மாதிரி. ஏழரைக்கு ஊரில் கரண்ட் போனது. பஜார் பக்கம் முழுக்க இருட்டு, மைதானம் பகல். ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்குத்தான் அந்தக் கைதட்டல். மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது.

கடைசிப் போட்டி மாமாவும் முகமூடியும். முதல் ரவுண்டில் ஒருவரை ஒருவர் சுற்றி வந்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "முத்தையா, மொகமூடியக் கழட்டு, பொண்ணு பாத்துருவோம்" என்றான். சிரிப்பு. இரண்டாவதில் மாமா குனிந்து காலை வாரினார். முகமூடி குப்புற விழுந்தது. மாமா அந்தக் காலை மடக்கித் தன் தொடைக்குள் பூட்டிக்கொண்டார். கோதாவில் நான் பலமுறை பார்த்த பிடி. அதிலிருந்து யாரும் எழுந்ததில்லை.

இடது கால்.

நடுவர் குனிந்து, ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். தேவராஜ் தலையை ஆட்டினார், இல்லை என்று. தரையைத் தட்டினால் விடுதலை. தட்டினால் தோல்வி, வேலை போயிற்று. தட்டவில்லை. மாமா இன்னும் முறுக்கினார், ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தேவராஜின் தலை என் பக்கம் திரும்பி இருந்தது. துணியில் இரண்டு ஓட்டை, உள்ளே கண். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வலியில் பார்வை எங்கேயாவது நிற்கும், என் மேல் நின்றது.

மெயினை இழுத்தேன்.

இருட்டு. எல்லாரும் கத்தினார்கள். அதற்கு மேல் ஒரு சத்தம்: ஜெனரேட்டர். புளியமரத்தடியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இஞ்சின் நிற்கவில்லை, லைட் மட்டும் இல்லை. ஒயரிங்தான் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஃப்யூஸ் போன மாதிரி தெரிய, ஃப்யூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பப் போட்டபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில். ரா.மா. மைக்கில், "தவிர்க்க முடியாத காரணத்தால் போட்டி முடிவின்றி..." நாற்காலி பறக்கவில்லை. என்னைத்தான் திட்டினார்கள். "டிப்ளமா படிச்ச லைட்டுடா" என்று ஒருவன். ஜமால் பாய் வெளியே போகிற வழியில் நின்றார். "ஜெனரேட்டரு ஓடிகிட்டுத்தானே தம்பி இருந்துச்சி?"

"ஆமாங்க பாய். ஃப்யூஸ்."

அவர் ஒரு தடவை லைட்டைப் பார்த்துவிட்டு நடந்தார்.

ரா.மா. தோளில் தட்டினார். "பொழைக்கத் தெரிஞ்சிகிட்ட பிரதர், நீ கெட்டிக்காரன்." உங்களுக்காக இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம்.

இன்று காலை பஸ் ஸ்டாண்டில் தேவராஜ். நொண்டிக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தார். "இருட்டானதும் 'தம்பி, முட்டி'ன்னு ஒரு வார்த்ததான் சொன்னேன். அந்த நொடியே வுட்டுட்டாருங்க. எந்திரிக்கக் கையும் குடுத்தாரு."

"லைட்டைப் பத்திச் சொன்னீங்களா?"

"இல்ல. அது நீங்களாச்சு, ஒங்க மாமாவாச்சு."

ஒரு வார்த்தை. முன்பே சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. வேண்டாம் என்று சத்தியம் வாங்கினவரும் அவர்தான். யாரைக் கோபித்துக்கொள்வது?

மாசி 16, செவ்வாய்

ஜெனரேட்டர் திருப்பி அனுப்பினேன். சட்டையில் கிரீஸ், போகாது. போன மாதம் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன், அதற்கும் இன்னும் பதில் இல்லை.

ஜமால் பாய் கடைக்குப் போனேன். சர்பத் கொடுத்தார். சுற்றி வளைக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. "கமிட்டியில ஒத்துக்கலங்க. கூடு வர்ற நேரத்துல இருட்டாயிட்டா என்ன பதில் சொல்றதுன்னு கேக்குறாங்க. அடுத்த வருசம் பாப்போம்." நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மாலை எறையூர். மாமா முற்றத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளுக்கு முட்டி போயிருக்கு மாப்ள. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா அந்தப் பூட்டே போட்டிருக்க மாட்டேன்." நான் கயிற்றுக்கட்டிலின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ ஃப்யூஸ் கம்பியெல்லாம் நல்லதாத்தானே போடுவ?" என்றாள். கேள்வி இல்லை அது. ராத்திரிச் சாப்பாட்டில் என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

மாசி 19, வெள்ளி

பெரம்பலூர். லேசான காற்று. ரா.மா. ஆள் அனுப்பி மாமாவை வரவழைத்திருந்தார், நானும் போனேன். ஷோவை ஒரு மாதம் தள்ளிவிட்டார். புது நோட்டீஸ்: 'அரியலூரில் முடியாத போட்டி'. முடிவு தெரியாததால் டிக்கெட்டுக்கு இப்போதே ஆள் வருகிறதாம். தேவராஜும் இருந்தார், முகமூடி இல்லாமல், யாரோ ஓர் உறவுக்காரர் மாதிரி. மாமாவும் அவரும் தனியாகப் போய்ப் பேசினார்கள். மாமா தன் கையால் காய்ச்சிய எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தார். திரும்பி வந்து, "மணி அடிக்கிற வரைக்கும் புடிப்போம். ரெண்டு பேரும் நின்னுகிட்டுத்தான் முடிப்போம். காலத் தொட மாட்டேன்" என்றார். படுத்துக்கொள்ளமாட்டேன் என்று கதவை அடைத்து நின்ற மனிதர்.

பிறகு எல்லோரும் டீக்கடைக்கு. அங்கே கூட்டம், சிங்கத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். "அண்ணே, அன்னிக்கு நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க?"

மாமா கிளாஸைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தினார், எதிர்க் கடைக்கும் கேட்கிற மாதிரி. "இன்னும் ரெண்டு நிமிசம் லைட்டு இருந்திருந்தா அவன் கால் அவன்கிட்ட இருந்திருக்காது."

தேவராஜ் டீயை ஊதிக் குடித்தார்.

"பெரம்பலூருக்கு வரேன். வந்து மோதுறேன். ஆனா ஒரு கண்டிசன்." விரலை என் பக்கம் நீட்டினார். "லைட்டு மட்டும் என் மச்சினன் போடக் கூடாது."

கடையே சிரித்தது. ரா.மா. சத்தியம் செய்து கொடுத்தார்.