ஏழாம் ஆண்டின் வாசிப்புக் கொப்பிகள்

என் அன்பு ஜெசி அக்கா,

உங்களுக்கு இப்படிக் கோபத்தோடு எழுதுவேன் என்று நினைக்கவில்லை. நீங்கள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வராமல் விட்ட பிறகு மூன்று கிழமை அழுவதற்கே சரியாக இருந்தது. பிறகு அதிபர் உங்கள் ஏழாம் ஆண்டு ஆங்கில வகுப்பையும் என்னிடம் தந்தார்.

அலுமாரியில் உங்கள் பிள்ளைகளின் வாசிப்புக் கொப்பிகள் இருந்தன. கிழமைக்கு ஓர் ஆங்கிலப் புத்தகம், அதைப் பற்றி நாலு வரி. சித்தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு நாம் சேர்ந்து வரும் பஸ்ஸில் எத்தனை தரம் அவற்றை மடியில் விரித்துக் காட்டியிருக்கிறீர்கள்! அந்த வரிகளில் இருந்த பிழைகள்தான் எனக்குப் பிடித்தவை. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகப் பிழை விட்டிருந்தது. தானாக வாசித்து எழுதும் பிள்ளைதான் இப்படி எழுதும் என்று நம்பினேன்.

முதல் நாள் சர்மிளாவிடம், அவள் கொப்பியில் எழுதியிருந்த நாய்க்குட்டிக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் அதைத் திறக்காமலே கதையைத் தமிழில் கடகடவென்று சொன்னாள்.

"கதை வேணாம் மகள். இந்த முதல் வரிய வாசிங்க."

"எங்களுக்கு வாசிக்கத் தெரியாதே மிஸ்."

"அப்ப கொப்பியில எழுதினது ஆரு?"

"நாங்கதான். ஜெசி மிஸ் கதைய தமிழில சொல்லுவா. பிறகு துண்டுக் கடதாசில இங்கிலீசில எழுதித் தருவா. நாங்க பாத்து எழுதுவம்."

கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பினாள். "பிழையையும் அவவே போட்டுத் தருவா மிஸ். எல்லாருக்கும் ஒரே பிழை வந்தா கந்தோர்க்காரர் புடிச்சிருவாங்களாம்!"

வகுப்பே சிரித்தது. அவர்களுக்கு அது உங்கள் பகிடிகளில் ஒன்று.

கல்விக் கந்தோரிலிருந்து மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்காகக் கொப்பி நிரப்புவது நமக்குப் புதிதல்ல. அவர்கள் வரும் காலையில் அவசரமாகப் பாடக்குறிப்பு எழுதியவள்தான் நானும். ஆனால் எனக்கு ஏன் காட்டினீர்கள் அக்கா? நானும் கந்தோரா?

என் எட்டாம் ஆண்டு நிரோஜினியை உங்களுக்குத் தெரியும். விரல் வைத்து, ஒரு பக்கத்தை ஒரு கிழமையாக வாசிப்பாள். "மெதுவாத்தான் வருது" என்று நான் சொன்னபோது, "என்ர ஏழாம் ஆண்டப் பாரு புள்ள" என்று கொப்பியை நீட்டினீர்கள். அடுத்த நாள் அவளை வகுப்பின் முன்னால் நிறுத்தி, "உன்னவிடச் சின்னதுகள் முழுப் புத்தகம் வாசிக்குதுகள், வெக்கமில்லையா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் புத்தகத்தைத் தொடவில்லை. அதையும் உங்களிடம் சொன்னேனே. ஏறாவூர் தாண்டும் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "சரியாகிரும்" என்றீர்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே? பயமா? என்னிடமுமா?

இப்போது அதிபர், உங்கள் நினைவுக் கூட்டத்தில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆங்கிலக் கதையொன்று வாசிக்க வேண்டும் என்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப பாடமாக்கிச் சொல்லட்டும் டீச்சர். ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார். மனப்பாடம் செய்ய இரண்டு நாள் போதும். கைதட்டலும் கிடைக்கும். உங்கள் பெயரும் நிற்கும்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் அம்மாவிடமும் எல்லாம் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அவர், "புள்ளைகள் வாசிக்கட்டும் மகள்" என்றார்.

நிரோஜினியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் நம்பாமல் பார்த்தாள். புத்தகத்தை இன்னும் எடுக்கவில்லை.

கூட்டத்தில் சர்மிளா மூன்று வரி வாசிப்பாள். இன்றைக்கு இரண்டாவது வரியில் நிற்கிறோம். மேடையில் அவள் திக்குவாள், முன் வரிசைக்காரர் நெளிவார்கள். நான் பக்கத்தில் நிற்பேன், ஆனால் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அவளே முடிக்கும் வரைக்கும் எல்லாரும் காத்திருக்கட்டும்.

இன்னும் மன்னிக்க முடியாத,
உங்கள் தங்கச்சி