நீலப்பூக்கள் மேல் விழுந்த நிழல்

எதையும் எனக்கு முன்னால் மோப்பம் பிடித்துவிடும் என் சரசுவுக்கு,

நீ இருந்திருந்தால் இந்த விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் ஒரு வாரமாகத் துப்பறிந்துகொண்டிருக்கிறேன்.

சிறுசேரி ஆபீஸில் கூட வேலை செய்கிற பெண்களோடு இமயமலைக்குப் போய்வந்தாள் நம் தேவி. பனி உருகின புல்வெளி முழுக்கப் பூவாம். நீலம், மஞ்சள், ஊதா. முதலில் எனக்கு அந்தப் பூக்கள் மேலேயே சந்தேகம். செய்யூர் மணலில் உன் கனகாம்பரத்துக்கு நான் எத்தனை குடம் சுமந்திருப்பேன்? அங்கே யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? பெயரில்தான் எனக்கு ஏழு மலை; ஏறினது திருக்கழுக்குன்றம் ஒன்றுதான். அதிலும் பாதியில் உட்கார்ந்ததை நீ ஊர் முழுக்கச் சொன்னாய்.

அப்புறம்தான் கவனித்தேன். அவள் போனில் காட்டின எல்லாப் படத்திலும் தேவி மட்டும் தனியாகச் சிரிக்கிறாள். கூடப் போன பெண்கள் எங்கே? ஒரு படத்தில், நீலப்பூக்கள் மேல் நெட்டையாக ஒரு நிழல்.

"இது யாரும்மா?"

"பாறைப்பா."

"பாறை தொப்பி போட்டுகினு கீதே?"

"இன்னாப்பா நீ, போலீஸ் மாதிரி." போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

நேற்று உன் படத்துக்குப் பூ மாற்றும்போது குறைபட்டுக்கொண்டேன். "அவ்ளோ பூ பாத்துட்டு வந்தியே, அம்மாவுக்கு ஒண்ணு எடுத்தாந்தியா?"

"பறிக்கத்தான்பா குனிஞ்சேன். அவன்தான், இங்க பறிக்கக் கூடாது, அம்மாவுக்குன்னு சொல்லிட்டு செடியிலயே வுட்டுடுன்னு..."

நிறுத்திவிட்டாள். எவன்டி என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தாள், சரசு. என்னைப் பார்த்து. தவளை குதித்தால் கட்டில்மேல் ஏறுகிற என்னைப் பார்த்து.

"சோறு ஆறுது, வா" என்றேன்.

அவள் மறைத்ததைவிட அந்தப் பயம்தான் உறுத்துகிறது. உன்னிடம் என்றால் சொல்லியிருப்பாள், இல்லையா? உன் பேரைச் சொல்லி ஒரு பூவை மலையிலேயே விட்டுவரச் சொன்னவன் நல்லவனா, இல்லை பேச்சில் கெட்டிக்காரனா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதனால் இன்று சாயங்காலம் அவள் வந்ததும் சொல்லப்போகிறேன்: "ஞாயித்துக்கெழம அந்தப் பாறைய வூட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு." முறைக்க மாட்டேன், சத்தியம். சந்தேகத்தை மட்டும் விடமாட்டேன். அது நீ விட்டுப்போன சொத்து. வெறுங்கையோடு வருகிறானா, உன் படத்துக்கு ஒரு முழம் பூவோடு வருகிறானா என்று வாசலிலேயே நின்று பார்ப்பேன்.

தேவிக்கு அம்மாவாகவும் இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்,
ஏழுமலை