பொட்டலத்தில் வைக்காத பட்டம்

வால்யெவோ,
செப்டம்பர் கடைசி வாரம்

துன்யா,

நீ வாங்காத பட்டத்தை வாங்கியதாக உன் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

நலம் விசாரிக்காமல் இதை முதலில் எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே, விசாரிக்கத்தான் போகிறேன். நாங்கள் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், கடவுள் உன்னையும் அந்த ஹாம்பர்க் ஈரத்தில் சளி காய்ச்சல் அண்டாமல் வைத்திருக்கட்டும். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, படி ஏறும்போது மட்டும் அரசாங்கத்தைத் திட்டுகிறார். உன் அண்ணன் லாசார் இன்னும் அதே உணவகத்தில்தான் தட்டு தூக்குகிறான், அவனுடைய இயந்திரப் பொறியியல் பட்டம் சட்டத்துக்குள் மாட்டியபடி கூடத்தில் இருக்கிறது, வாரம் ஒருமுறை நான்தான் தூசி தட்டுகிறேன். நாங்கள் சனிக்கிழமை குடைமிளகாய் சுட்டு அய்வார் விழுது கிண்டினோம், முற்றம் முழுக்கப் புகை, அப்பா துடுப்பைப் பிடித்துக் கொண்டு கிண்ட, நான் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புகைக்குள்தான் உன் ஞானத்தகப்பன் ராதிவோயே பளபளவென்று சப்பாத்து போட்டுக்கொண்டு வந்து நின்றார். தங்கச்சி, கையைக் கழுவிட்டு வா, எண்ணெய்க் கையால தொடுற சாமான் இல்ல இது என்றார். உறையிலிருந்து எடுத்தார். உன் பெயர், உன் பிறந்த தேதி, வட்ட முத்திரை, கீழே எவனோ ஒரு முதல்வரின் கையெழுத்து. சுற்றுலா, விருந்தோம்பல் மேலாண்மைப் பட்டம்.

என் பொண்ணு எப்பண்ணே ஓட்டல் நடத்தினா என்று கேட்டேன். அவர் துளிகூடக் கூசவில்லை. கணினிப் பட்டத்துக்கு இப்ப ஏக அடிபுடி தங்கச்சி, சரக்கு இல்ல, வரணும்னா தை மாசி ஆகும், இது உடனே கிடைச்சுது, பட்டம்னா பட்டம், எதுலன்னு எவன் குனிஞ்சு படிக்கிறான் என்றார். உன் அப்பா துடுப்பை நிறுத்தவே இல்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இது வீட்டில் எனக்கு மட்டும் தெரியாத சங்கதி என்று. கோடையில் நீ அவருக்குத் தனியாகப் போன் செய்ததும், அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க என்று சொன்னதும், அலுவலகத்தில் பதவி உயர்வுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் நீ ஏற்கனவே பட்டதாரி என்று எழுதிவிட்டதும், வரும் வெள்ளிக்கிழமை அசலைக் காட்ட வேண்டும் என்பதும் அடுப்பைச் சுற்றி நின்றபடியே ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மிளகாய் அடிப்பிடித்துவிட்டது. அந்தச் சட்டியை அப்பாவே தேய்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டேன், லைன் சரியில்லம்மா என்றாய். அதனால்தான் எழுதுகிறேன், எழுத்துக்கு லைன் வேண்டாம்.

உன் பக்க நியாயம் எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. பெல்கிரேடில் நான்கு வருடம் கணினி படித்தாய், இரண்டு தேர்வு மிச்சம் வைத்தாய், எல்லாப் பிள்ளைகளையும் போல முடிக்கப்போறா, முடிக்கப்போறா என்று நாங்களும் ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தோம், இந்த ஊரில் பாதி வீட்டில் அப்படி முடிக்கப்போகிற பிள்ளை ஒன்று இருக்கிறது. அதற்குள் நீ இங்கே ராஸ்பெர்ரி குளிர்கிடங்குக்காரர்களுக்கெல்லாம் வலைத்தளம் செய்து, அதைப் பார்த்து அந்த ஜெர்மன்காரர்கள் கூப்பிட்டு, போய்விட்டாய். ஐந்து வருடமாக உதவி வடிவமைப்பாளர் என்றே உன்னை எழுதுகிறார்கள். நீ யாருக்கு உதவுகிறாய் என்று கேட்டேன் ஒருமுறை, நினைவிருக்கிறதா, நீ சிரித்தாய். அந்த மால்ட்டே குழுத்தலைவனாக வந்தபோது கைப்பேசித் திரையில் பக்கம் ஏன் உடைகிறது என்பதையே நீதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாய், அவன் உன்னைப்போல் ஒன்றரை மடங்கு சம்பளம் வாங்கினான். நீ செய்த அந்தக் கண் மருத்துவமனைப் பக்கத்தை அனுப்பினாயே, எனக்கு ஜெர்மன் ஒரு எழுத்து தெரியாது, ஆனாலும் முன்பதிவுக்கு எங்கே அழுத்த வேண்டும் என்று என் விரலுக்குத் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் காட்டினேன். கடைசியில் பொடி எழுத்தில் வடிவமைப்பு மால்ட்டே என்று இருந்ததை லாசார்தான் படித்துச் சொன்னான். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அந்த மால்ட்டே படித்தது இறையியல். பாதிரியாருக்குப் படித்தவன் பக்கம் வடிவமைக்கலாம், பக்கம் வடிவமைக்கிறவள் தலைவியாக முடியாது. இப்போது அவன் பெர்லினுக்குப் போகிறான், நாற்காலி காலி, உன் முதலாளியம்மா பெட்டர்சன் சொல்கிறாள், உன் வேலை அருமை துன்யா, ஆனால் மாநகராட்சி வேலைகளுக்கு நாங்கள் விலைப்புள்ளி எழுதிக் கொடுக்கும்போது தலைவர் பட்டதாரியா என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும் என்று. எதில் பட்டம் என்று அந்தக் கட்டம் கேட்பதில்லையாம்.

அப்படியானால் ராதிவோயே சொன்னதுதான் சரி, எவனும் குனிந்து படிப்பதில்லை. என்னை உறங்கவிடாதது அதுதான். அந்த ஆள் பொய் சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை கேட்டு அனுப்பியிருப்பேன். படித்த லாசாருக்கு வேலை இல்லை, வேலை தெரிந்த உனக்குப் பதவி இல்லை, இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஓட்டையில் அவர் கடை விரித்திருக்கிறார், வியாபாரமும் நன்றாக நடக்கிறது.

ஆனால் நீ ஒன்றை யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. அந்தத் தாளில் போட்டிருக்கிற வருடத்தைப் பார். புதுசா இருந்தா மதிப்பு கூட தங்கச்சி என்று போன வருடத் தேதியைப் போட வைத்திருக்கிறார், அதுவும் நேரில் வந்து படிக்கும் முழுநேர வகுப்பு என்று. போன வருடம் நீ தினமும் காலையில் ஹாம்பர்க்கில் அதே பெட்டர்சனுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாய். இங்கே எவன் கண்ணிலும் அது படாது, நம் ஆட்களுக்கு முத்திரை வட்டமாக இருந்தால் போதும். அங்கே ஒருத்தி, ஒரே ஒருத்தி, இந்தத் தாளையும் உன் வேலைப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். நாற்காலி போனால் போகட்டும், வேலை போகும், வேலையோடு தங்கும் அனுமதி போகும், பிறகு நீ எந்த முகத்தோடு எங்கே யாரிடம் வேலை கேட்பாய்? சரி, யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள். நான் வேலை பார்க்கிற குடிநீர் அலுவலகத்தின் இயக்குநர் எப்படி டாக்டர் பட்டம் வாங்கினார் என்று ஊருக்கே தெரியும். அவர் நடைவழியில் போனால் நாங்கள் டாக்டர் வர்றார், டாக்டர் வர்றார், வயித்த எக்குங்கடி என்று சிரிக்கிறோம். அவர் ஒரு நாள் உண்மையிலேயே சரியான உத்தரவு போட்டார், அதற்கும் சிரித்தோம். நீ செய்கிற நல்ல வேலையைப் பார்த்தும் ஒருத்தி அப்படிச் சிரிப்பாள் துன்யா, என்னால் அதை நினைக்கவே முடியவில்லை.

உன் அப்பாவை ரொம்பத் திட்டாதே, நானே போதுமான அளவு திட்டிவிட்டேன். அவர் ஒரே ஒரு பதில்தான் வைத்திருக்கிறார், நேர்மையா இருந்து நீ என்னடி சம்பாதிச்ச என்று. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டேன். ஞானத்தகப்பனைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அவருக்கு ஒரு பயம், உன் ஞானஸ்நானத்தில் உன்னைத் தூக்கிப் பிடித்த கை அது என்கிறார். பிடித்த கைதான் தள்ளுகிறது என்று சொன்னேன்.

நான் சொல்வது இதுதான். பெட்டர்சனிடம் நேராகப் போய், எழுதியது பொய், இரண்டு தேர்வு மிச்சம், ஜனவரித் தவணையில் எழுதுகிறேன், அதுவரை வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று சொல். அவள் உன்னை அனுப்பிவிடலாம், இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மிச்சமிருக்கிற அந்தப் புள்ளியியல் தேர்வின் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டாராம், லாசார் விசாரித்தான், புதிதாக ஒரு இளம்பெண் வந்திருக்கிறாள், மனுஷி என்கிறார்கள். ஜனவரியில் வந்தால் உன் அறைக்குக் கணப்பு மூட்டித் தருகிறேன், சமையல் பக்கம் உன்னை விட மாட்டேன், படி.

அய்வார் நான்கு புட்டியும், கம்பளிக் காலுறையும், ஒரு துண்டு புகைபோட்ட இறைச்சியும் ஹாம்பர்க் பேருந்து ஓட்டுநர் நெபோய்ஷாவிடம் கொடுத்தனுப்புகிறேன், புதன் மாலை நிலையத்தில் போய் வாங்கிக்கொள்ளும்படி உனக்குச் செய்தி அனுப்ப லாசாரிடம் சொல்லியிருக்கிறேன், போன தடவை போல அவரைக் காக்க வைத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். அடிப்பிடித்த சட்டியிலிருந்து எடுத்ததில்லை, பயப்படாதே. அந்தத் தாளைப் பொட்டலத்தில் வைக்கிறேன் என்று ராதிவோயேவிடம் தலையாட்டிவிட்டு வந்தேன், வைக்கவில்லை, என் கைப்பையில் இருக்கிறது. கிழிக்கக் கை போனது, கிழிக்கவில்லை. நான் கிழித்தால் அவர் அடுத்த வாரம் இன்னொன்று கொண்டுவருவார், அதில் ஒருவேளை உன்னைப் பல் மருத்துவராக்கியிருப்பார்.

கடவுளும் பரிசுத்த மாதாவும் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும், நீ உட்காருகிற நாற்காலி எதுவானாலும் அதில் முதுகு நிமிர்ந்து உட்காருகிற பாக்கியம் உனக்குக் கிடைக்கட்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா விதோசவா

இதைப் பேருந்து நிலையத்திலிருந்து எழுதுகிறேன், நெபோய்ஷா பொட்டலத்தை ஏற்றிவிட்டார், உறையை ஒட்டும் முன் மறுபடி உனக்கு அடித்தேன். நீ எடுத்தாய். எப்படி இருக்கிறாய் என்று நான் வாயெடுக்குமுன், தாள் பொட்டலத்துல இருக்காம்மா என்று கேட்டாய். இல்லை என்றேன். வெள்ளிக்கிழமை பெட்டர்சன் முன்னால் நின்று என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். உன் மூச்சு மட்டும் கேட்டது, இந்தத் தடவை லைன் நன்றாகவே இருந்தது. நெபோய்ஷா ஆரன் அடிக்கிறார். என்ன சொல்லப் போகிறாய், துன்யா? எனக்குச் சொல்.