மாப்பிள்ளைக்கு நான் சொன்ன ஓகே

பிப்ரவரி 4

கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. ஆய்வகத் தலைவர் கேக் வாங்கி வந்தார். நான் அவரைப் பெரியவர் என்றுதான் எழுதுவேன். வயதால் அல்ல, பந்தாவால். கட்டுரையில் முதல் பெயர் மாப்பிள்ளையுடையது, என்னுடையது இரண்டாவது. நோயாளியின் தசையிலிருந்து கட்டுரைக்கான செல்களைப் பிரித்து, வளர்த்து, அடம்பிடித்தபோதெல்லாம் கெஞ்சிக் கூத்தாடி உயிரோடு வைத்திருந்தது நான். போன வருடம் வந்து சேர்ந்து கடைசிப் படங்களை எடுத்தது அவன். எல்லோரும் அவனைத் தாங்கு தாங்கென்று தாங்குவதால் அந்தப் பெயர்.

"அவனுக்கு வெளிய வேலை இன்டர்வியூ வர்ற நேரம்மா. உனக்கு அடுத்த கட்டுரைல பாத்துக்கலாம்" என்றார் பெரியவர்.

என் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. அடுத்த கட்டுரையாம். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். கேக் இரண்டு துண்டு சாப்பிட்டேன், அதையாவது ஏன் விட வேண்டும்?

பிப்ரவரி 5

அவன் நல்லா இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 19

மைக்கோபிளாஸ்மா சோதனை. பாழாய்ப்போன கிருமி - சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, செல்களைக் கொல்லவும் செய்யாது. ஆனால் அது புகுந்த பிறகு அந்தச் செல்கள் காட்டும் எதையும் நம்ப முடியாது. மாப்பிள்ளையும் ஒரு குழாயைக் கொண்டுவந்து நீட்டினான். "என்னோடதையும் சேத்து ஓட்டிடுங்கக்கா."

என்னுடையதில் ஒன்றுமில்லை. அவனுடையதில் பளிச்சென்று பட்டை, கிருமி இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி ஓட்டினேன், அதே பட்டை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் கதவோரம் வந்து நின்றான். "ஓகேயாக்கா?"

"ஓகே."

பிப்ரவரி 20

இவரிடம் சொன்னேன். "உண்மையைச் சொல்லிடு. திட்டணும்னா மூஞ்சிக்கு நேரா திட்டு" என்கிறார். இவருக்கென்ன, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அங்கே யார் உழைப்பின் மேல் யார் ஏறி உட்காருகிறார்கள்? இன்டர்வியூவில் விவரம் தெரிந்த யாராவது இதைக் கேட்கட்டும். அவன் முழி பிதுங்கட்டும். நான் பார்க்கக்கூட வேண்டாம், காதில் விழுந்தால் போதும்.

மார்ச் 6

அவன் செல் வளர்க்கும் இன்குபேட்டர் பழுது. "சரியாகுறவரைக்கும் உன்னுதுலயே வெச்சுக்கட்டும்மா, எடம் இருக்குல்ல" என்றார் பெரியவர். அவன் தட்டுகள் மேல் அடுக்கில், என்னுடையவை கீழே. இது பரவும். எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் ஏன் என்பார்.

அவர் அறை வாசல்வரை போனேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

என்ன ஜென்மம் நான்? வாயைத் திறந்தால் அவன் தப்பித்துவிடுவான் - அது ஒன்றுதான் தோன்றியது.

மார்ச் 27

என் செல்களிலும் பட்டை.

எல்லாத் தட்டுகளையும் பிளீச்சில் கொட்டினேன். மே மாதத்துக்குள் முடிக்க நினைத்தது போச்சு. ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். நைட்ரஜன் தொட்டியில் என் சுத்தமான பழைய செல் குப்பி இரண்டு உறைந்து கிடக்கிறது. அடுத்த வாரம் ஒன்றை எழுப்பி வளர்க்க வேண்டும். பரவாயில்லை. நாளை அவன் இன்டர்வியூ. நாளை.

மார்ச் 30

அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. நேராக என் மேஜைக்குத்தான் வந்தான்.

"இன்டர்வியூ குழுவுல ஒரு அம்மா, மைக்கோபிளாஸ்மா பாத்தீங்களான்னு நோண்டி நோண்டிக் கேட்டாங்கக்கா. எங்க அக்காதான் பாத்தாங்க, அவங்க ஓகேன்னா ஓகேதான்னு சொன்னேன். உங்க பேரைக் குறிச்சுக்கிட்டாங்க. செல்லு அங்க போனதும் அவங்களும் ஒரு தடவை பாப்பாங்களாம்."

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. படுபாவி, நன்றி வேறு சொன்னான்.

மார்ச் 31

செல்களை முன்கூட்டியே அனுப்பிவைக்க வேண்டுமாம். "ரெண்டா வெச்சுடுங்கக்கா. ஒண்ணு எழும்பலைன்னா இன்னொண்ணு இருக்கும்ல."

அவன் உறையவைத்த குப்பிகள் பக்கம் கை போகவில்லை. தொட்டியில் மிச்சமிருந்த என்னுடைய சுத்தமான இரண்டையும் எடுத்து, உலர்பனிக்குள் புதைத்து, பெட்டியை ஒட்டினேன். என் முகத்தைப் பார்த்து, "உடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டான். தூக்கம் இல்லை என்றேன்.

கூரியர் வண்டி வரும்வரை வாசலில் நின்றேன். குலுங்காமல் கொண்டுபோகும்படி டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.