ஒட்டி நிற்கும் இரண்டு பந்து

6 ஜூலை 2025, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்து குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து என் வீட்டுக்காரர் ஜெரின் கூப்பிட்டார். கீழே வீடு, மேலே அவருடைய பில்லியர்ட்ஸ் கடை. இரண்டு டேபிள், கச்சிராப்பாளையம் ரோட்டைப் பார்த்த ஜன்னல். ஞாயிறு மத்தியானம் அவருடைய கூட்டாளிகள் மட்டும்தான் வருவார்கள்.

டேபிளில் இரண்டு பந்தை ஒட்டி வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்து நேராக மூலை ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெள்ளைப் பந்து கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில்.

"வெள்ளைய அடி. அது பின்னாடி பந்துல படணும், முன்னாடி பந்து ஓட்டையில வுழணும். அவ்ளோதான். போட்டுட்டா உங்கம்மா வூட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துட்டு வா. போடலன்னா நான் சொல்றத செய்யணும். விளையாட்டுக்குத்தானே பிரின்சி."

குழந்தைகூடப் போட்டுவிடும் போலத்தான் இருந்தது. அடித்தேன். பந்து ஓட்டையின் உதட்டில் இடித்து வெளியே போய்விட்டது. அவரே மறுபடி ஒட்டி வைத்தார், அடித்தார். போய் விழுந்தது.

டேபிளைச் சுற்றி நடந்துகொண்டே "எனக்கு மூளை இல்லை" என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். சத்தமாகச் சொல்லு என்றார். சுற்றி நின்ற கூட்டாளிகள் சிரித்தார்கள். வீரமணி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவரும் சிரித்தார்.

இறங்கி வந்தால் குழம்பு அடிபிடித்திருந்தது. அதற்குத் தனியாகத் திட்டு.

8 ஜூலை

ஈஸ்டருக்கும் இதே பந்தயம். போன கிறிஸ்துமஸுக்கும். அம்மாவைப் பார்த்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. வெள்ளிமலை என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? வாசலில் நின்று கைகாட்டினால் பஸ் நிற்கும்.

14 ஜூலை

சிஸ்டர் நிர்மலா போன் செய்தார். வெள்ளிமலையில் சிஸ்டர்மார் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேண்டுமாம், செப்டம்பர் ஒன்றாம் தேதி சேரணுமாம். "நீ படிச்ச பொண்ணு, ஏன்மா வூட்டுக்குள்ள கெடக்குற?" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் பிரசவ வார்டில் இருந்தேன். அந்த நர்ஸ் இப்போது எங்கே போனாள்?

சாப்பாடு போடும்போது ஜெரினிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். அப்புறம், "பந்தயம் கட்டிக்கலாமா?" என்றார். "ஆகஸ்ட்ல வச்சிக்கலாம். நல்லா பழகிக்க. எனக்கு ஒண்ணும் பயமில்ல."

18 ஜூலை

தினமும் காலையில் கடையைக் கூட்டி, டேபிள் துணியை பிரஷ் போட்டுத் துடைப்பது என் வேலை. இன்றைக்கு அவர் எழுவதற்குள் வேலையை முடித்துவிட்டுக் குச்சியை எடுத்தேன். இரண்டு பந்தை ஒட்டி வைத்தேன். ஒன்றுகூட விழவில்லை. கட்டைவிரல் இடுக்கில் தோல் உரிந்துவிட்டது.

23 ஜூலை

அவர் வைக்கிற அதே இடம், அதே நேர்க்கோடு. கண்ணை டேபிள் மட்டத்துக்கு வைத்துப் பார்த்துத்தான் அடிக்கிறேன். ஆனாலும் விலகுகிறது. அவர் அடித்தால் மட்டும் எப்படி?

எனக்கு உண்மையிலேயே மூளை இல்லையோ.

27 ஜூலை, ஞாயிறு

பார்த்துவிட்டேன்!

டீ கொண்டுபோனேன். வீரமணி அண்ணனோடு பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் அடித்துத் தவறவிட்டார். ஜெரின் பந்தைத் திரும்ப ஒட்டி வைப்பதற்கு முன்னால் வாயைத் துடைக்கிற மாதிரி விரலைக் கொண்டுபோனார். நாக்கில் தொட்டார். இரண்டு பந்தும் ஒட்டுகிற இடத்தில் அந்த விரலை வைத்தார்.

எச்சில்.

டீத் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். "இன்னாடி முழிக்கிற, வச்சிட்டுப் போ" என்றார்.

28 ஜூலை

காலையில் நானும் எச்சில் தொட்டு வைத்து அடித்தேன். நேராகப் போய் விழுந்தது. இன்னொரு முறை. விழுந்தது. ஈரம் இருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு நேராகப் போகிறது. காய்ந்திருந்தால் ஒன்றை ஒன்று பிடித்து இழுத்துக் கோணலாக்கிவிடுகிறது. அவ்வளவுதான் ரகசியம். இதற்கா நான் கிறிஸ்துமஸ் இழந்தேன்? ஆறு ஆம்பளைங்க முன்னாடி மூளை இல்ல மூளை இல்லன்னு சுத்தி வந்தேன் — ஒரு சொட்டு எச்சிலுக்கா? கட்டின பொண்டாட்டிய எச்சி வச்சி ஏமாத்தணுமா ஒரு ஆளு? சும்மாவே போவாதன்னு சொன்னா போவாம கெடந்திருப்பேனே!

அதில்தான் அவருக்கு ருசி போலிருக்கிறது. தடுப்பதில் இல்லை. நானாகத் தோற்றேன் என்று என்னையே நம்ப வைப்பதில்.

30 ஜூலை

நானும் எச்சில் வைக்கலாம். ஆனால் என் விரல் வாய்ப்பக்கம் போனாலே கண்டுபிடித்துவிடுவார். அந்த வித்தையில் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர்.

2 ஆகஸ்ட்

காய்ந்த பந்தில் நான் தவறவிட்டதெல்லாம் ஒரே பக்கம். எப்போதும் இடது. எப்போதும் இரண்டு விரற்கடை. இதை ஏன் முன்பே யோசிக்கவில்லை?

பந்துகளை ஓட்டைக்கு நேராக வைக்காமல் இரண்டு விரற்கடை வலதுபக்கம் பார்க்க வைத்தேன். பார்த்தால் எவனும் சிரிப்பான், டேபிளின் ஓரச் சுவரில்தான் இடிக்கும் என்று. எச்சில் இல்லாமல், நன்றாகத் துணியால் துடைத்துவிட்டு, அடித்தேன்.

இழுத்துக்கொண்டு வந்து ஓட்டையில் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

7 ஆகஸ்ட்

விழுகிறது. தினமும் விழுகிறது. சமைக்கும்போது என்னை அறியாமல் பாடுகிறேன். மாமியார் ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

எல்லாரும் வந்திருந்தார்கள். ஜெரினே எல்லாரையும் போன் போட்டுக் கூப்பிட்டிருந்தார், கோழி பிரியாணி வேறு. நான் தோற்றால் செப்டம்பர் முழுக்கக் கடைக்கு வருகிறவர்களுடைய செருப்பைத் துடைத்து அடுக்க வேண்டும். வீரமணி அண்ணன் "வேணான்டா, பொம்பள" என்று ஆரம்பித்தார். "அவளுக்கே ஆச, கேட்டுப் பாரு" என்றார் ஜெரின்.

நான் வேறு மாதிரி வைக்கச் சொன்னேன். ஓட்டையைப் பார்க்காமல், பக்கத்து ஓரச் சுவரைப் பார்த்து.

"இப்டியா? இது எப்டிடி வுழும்?" கூட்டமே சிரித்தது.

"வுழலன்னா செருப்பு தொடைக்கிறேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். எச்சில் விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "உன் கை பந்துல படக்கூடாது. நானே வைக்கிறேன்" என்றார். துணியை எடுத்தார். இரண்டு பந்தையும் துடைத்தார். தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார், ஒரு பொட்டு ஈரம் இல்லாமல். எனக்கு வேண்டியதை என் புருஷனே தன் கையால் செய்துகொண்டிருந்தார். சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டேன்.

அடித்தேன். விழுந்தது.

ஜெரின்தான் முதலில் கை தட்டினார். "போம்மா. போய் வேலைல சேரு. வார்த்தைன்னா வார்த்த." என் தோளில்கூடத் தட்டிக்கொடுத்தார்.

இவ்வளவு சுலபமாகவா?

31 ஆகஸ்ட்

பையில் இரண்டு வெள்ளைச் சேலை, சர்டிபிகேட் எல்லாம். நாளைக்கு முதல் பஸ். ஜெரின் ரொம்பச் சாதுவாக இருக்கிறார். "பாத்துப் போ, மலை ரோடு" என்கிறார். ஒருவேளை மனசு மாறியிருக்குமோ? மனுஷன் மாற மாட்டானா?

1 செப்டம்பர்

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

சிஸ்டர் நிர்மலா என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். முதுகைத் தடவினார். "ஒடம்பு எப்டிம்மா இருக்கு? மாத்திரை சாப்புடறியா?" என்று கேட்டார்.

என்ன மாத்திரை?

எனக்கு வலிப்பு இருக்கிறதாம். ஜெரின் போன் செய்து சொல்லியிருக்கிறார். ஜூலை பதினைந்தாம் தேதியே. நான் ரசம் ஊற்றினேனே, அதற்கு மறுநாளே. "அழுதுகினே சொன்னாருமா. அவளுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும், தெரியாத மாதிரி இருங்கன்னு. கைக்கொழந்தைய வச்சிருக்கும்போது உனக்கு வந்துட்டா நாங்க இன்னா பண்றது, சொல்லு?" வேலைக்கு வேறு பெண்ணை எடுத்துவிட்டார்கள்.

அப்போ அந்தப் பந்தயம்? பிரியாணி? கை தட்டினது? எல்லாம் முடிச்சிட்டுத்தான் ஆடினாரா! நான் காலைல காலைல விரல் தோல் உரிஞ்சு — அவர் படுக்கையில படுத்துகினு மேல பந்து உருளுற சத்தத்த கேட்டு சிரிச்சிகினு இருந்திருக்காரு.

எனக்கு வலிப்பு இல்லை என்று அலறினேன். அலறிய அலறலைப் பார்த்து சிஸ்டர் இன்னும் பயந்துபோனார்.

3 செப்டம்பர்

ஜெரினிடமிருந்து போன் வந்தது. "இன்னா, எப்ப வர்ற? செருப்பெல்லாம் அப்டியே கெடக்குது." பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

அம்மா எனக்கும் சேர்த்துச் சாமைச் சோறு வடித்தாள்.

12 செப்டம்பர்

அம்மாவோடு சேலம் போய்ப் பெரிய டாக்டரிடம் தலையில் வயரெல்லாம் மாட்டிப் பார்த்து, வலிப்பு இல்லை என்று எழுதி வாங்கி வந்தேன். சிஸ்டர் படித்தார். திரும்பப் படித்தார். "ஏம்மா ஒரு மனுஷன் இப்டி சொல்லணும்?" என்றார். பதில் தெரிந்தால் எனக்கும் தேவலை. இடம் காலியானால் கூப்பிடுகிறாராம்.

21 செப்டம்பர், ஞாயிறு

வீரமணி அண்ணன் மரவள்ளி ஏற்ற லோடு வண்டி ஓட்டிக்கொண்டு மலைக்கு வருவார். என் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். ஜெரின் கொடுத்தனுப்பினாராம்.

"போனவ தானா திரும்பி வருவா, பந்தயம் கட்டறியான்னு எல்லாரையும் கேட்டுகினு கீறான் தங்கச்சி."

டீ கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன். "அண்ணே, அவர் பந்து வைக்கிறப்போ வெரல பாருங்க. நாக்குகிட்ட போவும்."

முதலில் புரியவில்லை. புரிந்ததும் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். இந்தப் பந்தயத்தில் தோற்றுத்தான் அவர் தன் மச்சான் கல்யாணத்துக்கு ஒரு பக்க மீசையோடு போய் நின்றார். சம்பந்திவீட்டுக் குழந்தைகள்கூடக் கையைக் காட்டிச் சிரித்தன என்று அப்போதே சொல்லி வருத்தப்பட்டார்.

வாய் தவறிச் சொல்லவில்லை. யாரிடம் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

4 அக்டோபர்

குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குப் பதிலாகச் சேர்ந்த பெண் ஊருக்குப் போய்விட்டாள். சிஸ்டர் ஆள் அனுப்பினார். இன்றைக்கு ஒரு பிரசவம், பெண் குழந்தை. கை வேலையை மறக்கவில்லை.

12 அக்டோபர், ஞாயிறு

டூட்டி முடிந்து வந்தபோது வாசலில் லோடு வண்டி. வீரமணி அண்ணன் உள்ளே வராமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

போன ஞாயிறு அவர்கள் ஆறு பேரும் ஜெரினின் விரலைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்களாம். மாடிக் கதவைச் சாத்திவிட்டார்களாம். "அடிக்கலமா, சத்தியமா ஒரு அடிகூட இல்ல" என்றார். போனை நீட்டினார்.

வீடியோ. ஜெரின் டேபிள் முன்னால் முட்டி போட்டிருக்கிறார். ஒவ்வொரு பந்தாக அவர் வாயருகே கொண்டுவருகிறார்கள். நக்குகிறார். யாரோ சிரித்துக்கொண்டே எண்ணுகிறார்கள். நடுவில் ஒரு முறை குமட்டுகிறது, தலையைப் பிடித்துத் திருப்புகிறார்கள். "போதும்டா, டேய், போதும்டா" என்று அழுகிறார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. சிஸ்டரிடம் போனில் அழுததும் இப்படித்தான் இருந்திருக்குமோ?

அன்றையிலிருந்து கடை திறக்கவில்லையாம். மாமியார் சோற்றைத் தட்டில் போட்டுக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வருகிறாராம்.

"இன்னாடி அது, யாரு அழுவுறது?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. சினிமா."

வீரமணி அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "மனசு கேக்கலமா. அழிச்சிடட்டுமா?" என்றார்.

"எனக்கு அனுப்பிட்டு அழிங்கண்ணே" என்றேன்.